அவர் சொன்ன அளவு

மரக்காணம்
16.6.2024, ஞாயிறு

அன்புத் தம்பி அற்புதராஜுக்கு அக்கா அந்தோணிமேரி எழுதுவது.

பெட்டியைப் பிரித்தபோது இருந்தவர்கள்: நான், உன் மாமா, மகள் பவுலின், பக்கத்து வீட்டு முத்தம்மாள், வாசலோடு நின்றுவிட்ட தபால்காரர். கோவில் அன்பியக் கூட்டத்துக்கு அறிக்கை எழுதி எழுதி எனக்கு இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது, சிரிக்காதே. ஆண்டவர் புண்ணியத்தில் மூவரும் எழுந்து நடமாடுகிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஊர் முன்னால் உன்னை ஃபாதர் என்பேன், கடிதத்தில் நீ தம்பிதான்.

பெட்டி அந்தோணியார் திருநாளுக்கு மறுநாள் வந்தது. முத்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜெர்மனியில இருந்து சாமியார் பிளாஸ்டிக்கா அனுப்பிக்கிறாரு? ரெண்டு சாக்லேட்டு போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். உன் மாமாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சட்டத்தில் ஒட்டியிருந்த சின்னச் சின்னச் சக்கரங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

வலது கண் போய் லாரியை விட்டு இறங்கிய பிறகு அவருக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான். பொழுது போகட்டும் என்று நீ அனுப்பிய, ஒட்டிச் செய்யும் முதல் பொம்மை லாரி கிட் இன்று நான்கு வண்டியாகிவிட்டது. இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வரிசையாக நிற்கின்றன. நான் விளக்கேற்றினால் வண்டிகளுக்கும் சேர்த்துத்தான் வெளிச்சம்.

அவருக்கு ஒரு ஆசை. இதுவரை வந்ததெல்லாம் உங்கள் ஊர் வண்டி. முகம் தட்டையாக பீரோ மாதிரி இருக்கிறது என்கிறார். அவர் இருபது வயதில் முதன்முதலாக ஓட்டியது பலராமனுடைய உப்பு லாரி. மூக்கு நீண்டது, பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் டிரெய்லர். அது ஒரு கிட்டாக வரவேண்டுமாம். உன் பங்குக் கோவிலில் இப்படி வண்டி செய்கிறவர்கள் வருஷா வருஷம் கிட் கம்பெனிக்கு ஆசைப்பட்டியல் எழுதுவார்கள் என்று நீ போனில் சொன்னாயாம். "மச்சான் கிட்ட என் ஆசையும் ஒண்ணு எழுதிக்கச் சொல்லு" என்றார்.

போனில் பேச முடியாததை இனிமேல்தான் எழுதுகிறேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், உனக்குத் தெரியும். புதுச்சேரி டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: இடது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிகிறதாம். சர்க்கரைதான் காரணம். தை மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மிஞ்சலாம், அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். வலது கண் ஆபரேஷனில் போனதிலிருந்து, "இன்னொரு கண்ணையும் கத்திக்குக் குடுக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்து வைத்திருக்கிறார். கத்தி என்று சொன்னால் அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார். அதனால் சொட்டு மருந்து போதும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். செபத்தில் நினைத்துக்கொள்.

அக்கா

---

ஜெர்மனி
8.7.2024

அன்பு அக்காவுக்கு,

எல்லாருக்கும் என் ஆசீர். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒருவரையொருவர் விடுவதாக இல்லை.

மாமாவின் ஆசையைச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சொன்னேன். கோவிலுக்கு அடியில் உள்ள அறையில் கூடுகிறார்கள், எல்லாரும் கிழவர்கள். ஒருவருக்குப் பால் டேங்கர் வேண்டும், ஒருவருக்கு மரம் ஏற்றும் டிரெய்லர் வேண்டும், பேக்கரிக்கார ஹெல்முட்டுக்கு அவர் அப்பா ஓட்டிய சர்க்கஸ் வண்டி வேண்டும். கேட்டுக்கொண்டே வந்தேன். கடையில் கிடைக்கிற புது வண்டியை ஒருவரும் கேட்கவில்லை. அப்பா ஓட்டியது, இல்லையென்றால் தான் முதலில் ஏறியது. மாமா அவர்களுக்குச் சொந்தக்காரர்தான்.

பட்டியல் கம்பெனிக்குப் போக வேண்டும். படம் மட்டும் போதாது, நிஜ வண்டியின் அளவுகள் வேண்டும். அந்த லாரி இன்னும் இருக்கிறதா?

கண் விஷயத்தை மாமாவிடம் சொல்லிவிடு அக்கா. நீ சொட்டு மருந்து என்று சொன்னது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தம்பி

---

மரக்காணம்
4.8.2024
சொல்பவர் ஜெரால்டு. எழுதுபவர் அவர் மனைவி.

மச்சானுக்கு வணக்கம். சாமி என்று கூப்பிட வேண்டும் என்று இவள் முறைக்கிறாள், அதனால் சாமி மச்சானுக்கு வணக்கம்.

வண்டி இருக்கிறது. உப்புக் கிடங்குக்குப் பின்னால் டயர் இல்லாமல் கல் மேல் நிற்கிறது. உப்புக்காற்று பாதியைத் தின்றுவிட்டது, மூக்கும் கேபினும் டிரெய்லரும் மட்டும் உருவமாக இருக்கின்றன. பழைய இரும்புக்காரனுக்குப் பேசியாகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் தூக்குவான். அதனால் நேற்றே டேப்பை எடுத்துக்கொண்டு நானும் இவளும் போனோம். நான் ஒவ்வொரு இடமாகத் தடவி அளக்கிறதைப் பார்த்து பலராமன், "என்னப்பா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்குற, பூ வச்சிட்டுத்தான் போவியா?" என்கிறான். இந்த வண்டிக்கு நான் பூ வைத்தது அவனுக்கு மறந்துவிட்டது. திண்டிவனத்தில் பாடி கட்டி முடித்த அன்று மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தவனே நான்தான்.

மூக்கு, கேபின், கதவு, டிரெய்லர் எல்லா அளவும் நீல மையில் தனித்தாளில், வண்டியின் படத்தோடு இருக்கிறது. முக்கியமானது டிரெய்லரின் உள் அகலம்: ஏழு அடி ஏழு அங்குலம். அதைக் குறைத்துவிடப் போகிறார்கள். அந்த அகலத்தில்தான் மூட்டை குறுக்கே படுக்கும்.

நான் சொல்லச் சொல்ல இவள்தான் எழுதினாள். அன்பியக் கணக்கு எழுதுகிற கை. ஒன்று கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். நம்பிக் கொடுக்கலாம்.

ஜெரால்டு

---

மரக்காணம்
4.8.2024

தம்பிக்கு,

இது தனி உறையில் வருகிறது. அவர் தூங்குகிறார்.

டிரெய்லரின் அகலம் ஏழு அடி ஏழு அங்குலம் இல்லை. ஏழு அடி ஒரு அங்குலம். டேப்பை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏழு ஏழு" என்றார். பக்கத்தில் நின்று பார்த்தேன், ஏழு ஒன்று. அடுத்தது கதவு, அதுவும் தப்பு. மூக்கின் நீளம் தப்பு. ஒன்றாம் எண்ணெல்லாம் அவர் கண்ணுக்கு ஏழாகத் தெரிகிறது, மூன்று எட்டாகிறது. "எழுதிக்கினியா?" என்று கேட்டார். எழுதிட்டேன் என்றேன்.

எப்படிச் சொல்வது, தம்பி? பலராமன் வேறு நிற்கிறார். முப்பது வருஷம் கண்ணை நம்பி வண்டி ஓட்டிய மனுஷனிடம், உங்களுக்கு டேப் தெரியவில்லை என்று ஊர் ஆள் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. பேனா காணோம் என்று சொல்லி மறுபடி தனியாகப் போனேன், எல்லாவற்றையும் நானே அளந்தேன். இந்த உறைக்குள் கருப்பு மையில் இருப்பது அது. நீலத்தை வைத்துக்கொள், கருப்பைக் கொடு. அவருக்குத் தெரியக் கூடாது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கணக்கெழுதத் தானாகப் பழகிக்கொண்டவள் நான். தெரிந்தே தப்பான எண்ணை எழுதியது இதுதான் முதல் முறை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. இதை நீ ஃபாதராகக் கேட்காதே.

அக்கா

---

ஜெர்மனி
29.8.2024

அன்பு மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நலமாயிருங்கள். மாமா, உங்கள் லாரியின் படத்தைப் பார்த்து ஹெல்முட் எழுந்து நின்றுவிட்டார். அந்த மூக்கைப் போல் மூக்கு இந்த நாட்டில் ஓடியதில்லையாம். பட்டியலில் முதல் இடத்தில் எழுதி கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். பொறுத்திருப்போம்.

அக்கா, இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை வாசித்துக் காட்டாதே. கருப்பு மையைத்தான் கொடுத்தேன். நீலத்தாள் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் மாமாவின் கண் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நீ பக்கம் பக்கமாக எழுதியும் புரியாதது. சொல்லிவிடு அக்கா.

தம்பி

---

மரக்காணம்
6.10.2024

தம்பிக்கு,

எங்கள் மூவருக்கும் குறை இல்லை, கண்ணைத் தவிர. உப்பு வாருவது முடிந்துவிட்டது, வடக்கே மேகம் கட்டுகிறது.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன், கோடு வரைக்கும். முதல் இடம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. வண்டி வருவதற்குள் டிரெய்லரின் பின்பலகையைத் தன் கையாலேயே செய்து வைக்க வேண்டுமாம். பிளாஸ்டிக் பலகை ஆகாதாம், மரம்தான் வேண்டுமாம். பவுலின் ஆரோவில்லில் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு தேக்குச் சிம்பு கொண்டுவந்தாள். அவர் அளவைச் சொல்ல, இருபத்து நான்கில் ஒன்றாக அவள் கணக்குப் போட்டுக் கோடு கிழித்தாள். ஏழு அடி ஏழு அங்குலத்துக்கு. நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வாரமாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார், மறுபடி தேய்க்கிறார். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அது பொருந்தாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வண்டி வராமலே போனால் நல்லது என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டாக்டரிடம் மறுபடி போனோம். ஜனவரி 29-க்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். சீட்டை என் செபமாலைப் பைக்குள் வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறார், வண்டி வந்த சந்தோஷத்தில் சொன்னால் ஒருவேளை சம்மதிப்பார் என்று காத்திருக்கிறேன்.

கம்பெனி பதில் சொன்னதா? வரும், வராது, ஒரு வரி போதும்.

அக்கா

---

ஜெர்மனி
12.11.2024

அன்பு மாமாவுக்கும் அக்காவுக்கும்,

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு நல்ல கூட்டம், நல்ல குளிர். ஹெல்முட்டுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, கோல் ஊன்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். எனக்கு முதுகுக்குப் பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். பூசை உடுப்புக்குள் போட்டால் கவசம் மாட்டிய மாதிரி இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பார்சல் அனுப்புகிறேன். மாமாவைப் பின்பலகையைத் தயாராக வைத்திருக்கச் சொல்.

தம்பி

---

மரக்காணம்
15.12.2024

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன். புயல் எங்கள் தலைமேலேயே கரையேறியது. வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர். நான் அரிசிப் பானையைத் தூக்க ஓடினேன், பவுலின் படிப்புச் சான்றிதழ்களைத் தூக்கினாள், அவர் தடவித் தடவி வண்டிகளை ஒவ்வொன்றாகப் பீரோ மேல் ஏற்றினார். ஒன்றுகூட நனையவில்லை. பின்பலகை அவர் சட்டைப் பையில் இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு, உப்பளத்தைப் பார்த்து வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். பாத்தியும் வரப்பும் தெரியாமல் எல்லாம் ஒரே சேறு. கால்வாய் ஓரத்தைப் பாதை என்று நினைத்து இறங்கிவிட்டார். பலராமன் பார்த்துப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். வீட்டுக்கு வந்து, "வழுக்கிடுச்சி" என்றார். நானும், ஆமாம், எங்கே பார்த்தாலும் வழுக்குகிறது என்றேன். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம். அன்று நான் சாப்பிடவில்லை.

பலராமனின் லாரி இனி இல்லை. தண்ணீரில் சாய்ந்துவிட்டது, இரும்புக்காரன் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இலை இருக்கிறது, கல்லறை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. கம்பெனி இல்லை. நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான், பொய் சொல்ல மாட்டாய், பேச்சை மாற்றுவாய்.

அக்கா

---

பெட்டிக்குள் இருந்த சீட்டு, தேதி 3.12.2024

அக்கா,

கம்பெனி செப்டம்பரிலேயே பதில் எழுதிவிட்டது. இந்திய லாரிகளுக்குக் கேபினும் பாடியும் ஊருக்கு ஊர் தச்சர்கள் கட்டியது, ஒரு வண்டி மாதிரி இன்னொன்று இல்லை, எதை மாதிரியாக வைத்து அச்சு வார்ப்பது என்று கேட்டு, முடியாது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

இது கம்பெனி கிட் இல்லை. ஹெல்முட்டும் மற்றவர்களும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, உன் கருப்பு மை அளவுக்குச் செய்த பாகங்கள். ஒட்டுவது மட்டும் மாமாவின் வேலை. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. மாமாவிடம் எதைச் சொல்வது என்று நீயே முடிவு செய்.

தம்பி

---

மரக்காணம்
12.1.2025

தம்பிக்கு,

உன் பெட்டி மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஆறாம் தேதி வந்தது. இருந்தவர்கள்: நான், உன் மாமா, பவுலின், முத்தம்மாள், பலராமன். முதுகை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

சீட்டை முதலில் எடுத்து மடித்துக்கொண்டேன். பாகங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். மூக்கைத் தடவினார். விளக்கு வைக்கும் குழியைத் தடவினார். "இதான்" என்றார். பலராமன், "என் வண்டியேதாம்பா. ஸ்டார்ட் பண்ணிப் பாரு, ஆயில் கேக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சந்தோஷத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து பின்பலகையை எடுத்தார்.

டிரெய்லரின் பக்கங்களைப் பவுலின் பிடித்துக்கொண்டாள். பலகை உள்ளே போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். கால் அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.

"பவுலினு, கோடு தப்பாப் போட்டுட்டியா?"

"இல்லப்பா. நீ சொன்ன அளவுதான்."

"நான் சொன்ன அளவுக்குத்தானே வண்டியும் வந்துக்குது. அப்போ உன் கோடுதான் தப்பு. படிச்ச பொண்ணு, ஒரு கோடு ஒழுங்காப் போட முடியல."

பிள்ளையின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. டேப்பை எடுத்துவந்து, அப்பா பாரு என்று அவர் கையில் வைக்கிறாள். அவர் பார்ப்பது போல் குனிகிறார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவ மேல தப்பு இல்ல, நான்தான் அளவை மாத்தி அனுப்பினேன் என்றேன்.

முத்தம்மாள் பலராமனுக்கு ஜாடை காட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டாள். உன் மாமா பலகையை விரலுக்குள் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஏழு ஏழு இல்லையா?"

"ஏழு ஒண்ணுங்க."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுங்க."

"இதுல மாத்தினவ, வேற எதெல்லாம் மாத்தின?"

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, குறித்துக் கொடுத்த நாள், உன் கடிதங்களில் நான் விழுங்கிய வரிகள், எல்லாம். உன் சீட்டையும் வாசித்தேன். கம்பெனி முடியாது என்ற இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். "அது வாஸ்தவந்தானே. எந்த வண்டி எந்த வண்டி மாதிரி இருக்குது" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். பவுலினை மட்டும் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். நான் செபமாலை சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்று மறந்துபோனது.

புதன்கிழமை காலை நான் காபி கொண்டுபோனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பலகை மடியில் இருந்தது.

"நீல மைத் தாளு உன் தம்பிகிட்ட இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அந்த அளவுக்கும் ஒண்ணு செய்யச் சொல்லு. நான் சொன்னபடியே. தப்பெல்லாம் தப்பாவே இருக்கட்டும். இந்தப் பலகை அதுலதான் உக்காரும்."

"அது கோணலா வருங்க."

"வரட்டும். இத்தினி நாளா நான் என்னத்தப் பாத்துக்கினு இருந்தேன்னு நான் பாக்கணும்."

எப்படிப் பார்ப்பீர்கள் என்று எப்படிக் கேட்பேன்? அவரே சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு வரேன். கண்ணு வந்தா பாக்கறேன். வரலன்னா தடவிப் பாக்கறேன். ஆனா இனிமே நீ எதையும் எனக்கு மாத்திப் படிக்கக் கூடாது."

நேற்று ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டார். பெயர் கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிற்று. பழைய வழக்கத்தில் பேசாமல் மடிக்கப் போனேன். பிறகு, கோட்டுக்கு மேல போயிடுச்சிங்க என்று சொன்னேன். "போவட்டும்" என்றார்.

டாக்டர் உறுதி எதுவும் தரவில்லை. பாதிக்குப் பாதி என்றுதான் சொல்கிறார். இரவெல்லாம் அதே நினைப்பு.

இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். இரவெல்லாம் அதே நினைப்பு என்ற வரியையும் வாசித்தேன். என் கையைப் பிடித்தார்.

நீலத்தாள் பத்திரமாக இருக்கிறதா என்று பார். ஹெல்முட்டுக்கு இடுப்பு முடியாத நேரத்தில் மறுபடி கேட்பது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேள். 29-ஆம் தேதி அவரை உள்ளே அழைத்துப் போவார்கள். அதற்குள் அவரிடம் ஒரு பதிலைச் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். இது போனில் சொல்லக்கூடியதுதான், ஸ்பீக்கரிலேயே சொல்லலாம். செய்து தர முடியுமா, முடியாதா? சீக்கிரம் பதில் சொல்.

அக்கா
அந்தோணிமேரி